சாரலில் மட்டும் வரும் பழுது

காரின் மின்பழுதுகளில் ஒரு வகை எப்போது பார்த்தாலும் இருக்கும். ஃபியூஸ் போயிருந்தால் போனதுதான். பல்பு எரிந்துவிட்டால் எரிந்ததுதான். யார் பார்த்தாலும் தெரியும், மாற்றினால் வேலை முடிந்தது. இன்னொரு வகை வரும், போகும். ஹாரன் ஒருநாள் அடிக்காது, மறுநாள் அடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் ஒரு நொடி தயங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எல்லாம் சரியாக இருக்கும். இந்த இரண்டாவது வகையை ‘விட்டுவிட்டு வரும் பழுது’ எனலாம். பட்டறைகளில் இதற்கு வழங்கும் பெயர் ‘லூஸ் காண்டாக்ட்’. பெயர் பெரும்பாலும் பொருந்தும். சில சமயம் பொருந்தாது.

தென்காசி மாவட்டத்தின் ஐந்தருவி இந்த வகைப் பழுதைப் புரிந்துகொள்ள நல்ல இடம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசனில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாகப் புகுந்து குற்றாலத்தின் மேல் மணிக்கணக்கில் சாரலாகத் தூவுகிறது. அதே காற்று கிழக்கே ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் போகும்போது வறண்டுவிடும். மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வரும் கார் இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் ஓடி, சூடான இன்ஜினோடு சாரலுக்குள் வந்து நிற்கிறது. அருவியில் குளித்து ஈரத் துணியோடு ஏறுபவர்கள் வைப்பர், ஹெட்லைட், கண்ணாடியின் பனிமூட்டத்தை நீக்கும் ஃபேன் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள். அப்போதுதான் செல்ஃப் எடுக்காது, அல்லது டேஷ்போர்டில் ஏதோ ஒரு விளக்கு எரியும். வெயிலடிக்கும் ஊருக்குத் திரும்பியபின் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இந்தப் பழுது கம்பியின் ஒரு புள்ளியில் இருக்கிறது. ஆனால் ஈரம், சூடு, அதிர்வு, மின்சுமை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேரும்போதுதான் வெளியே தெரிகிறது. ஆகவே முதலில் தேட வேண்டியது சூழ்நிலையை. இடம் அதற்கு அடுத்தது.

காரின் மின்சுற்று எளிமையானது. பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போக ஒரு வயர் இருக்கிறது. திரும்பி வரும் பாதை பெரும்பாலும் காரின் இரும்பு உடல்தான். பேட்டரியின் எதிர்முனையை ஒரு தடித்த கேபிள் உடலோடு இணைக்கிறது. விளக்கு, மோட்டார், கணினிப் பெட்டி ஒவ்வொன்றின் திரும்பு வயரும் அருகிலுள்ள ஏதாவது ஒரு போல்ட்டில் முறுக்கப்பட்டிருக்கும். இதைத்தான் எர்த் என்கிறார்கள். டயர் ரப்பர் என்பதால் இதற்கும் பூமிக்கும் தொடர்பில்லை. இந்த எர்த் போல்ட்டுகளில் பல சக்கர வளைவுக்குள்ளும் ஹெட்லைட்டுக்குக் கீழும் சேறு தெறிக்கும் இடங்களில் இருப்பது வடிவமைப்பின் கட்டாயம். விளைவு, மழைக்காலப் பழுதுகளில் கணிசமானவை எர்த்தில் வந்து முடிகின்றன. எர்த் கெட்டதற்குத் தனி அடையாளமும் உண்டு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுங்கும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் கூடவே துடிக்கும். தன் வழி அடைபட்ட மின்னோட்டம் பக்கத்து விளக்கின் இழை வழியாகத் திரும்பிப் போவதால் இது நிகழ்கிறது. பல்பை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

அடுத்து, இரண்டு உலோகங்கள் தொடும் இடம். மெக்கானிக்குகள் கப்ளர் என்று சொல்லும் இணைப்பிக்குள் ஆண்முனையும் பெண்முனையும் வழுவழுப்பான தகடுகளாகத் தெரியும். உருப்பெருக்கியில் அவை மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று அழுத்தினால் எத்தனை முட்கள் உண்மையில் தொடுமோ, அப்படித்தான் அந்தத் தகடுகளும் தொடுகின்றன. மின்தொடுகை பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்ட ஸ்வீடன் நாட்டு இயற்பியலர் ராக்னர் ஹோல்ம் இதைத்தான் காட்டினார்: மின்னோட்டம் தகட்டின் முழுப் பரப்பிலும் போவதில்லை, நெருங்கித் தொடும் ஒருசில நுண்புள்ளிகளுக்குள் நெருக்கிக்கொண்டு போகிறது. இந்த நெருக்கத்தால் ஏற்படும் தடையே ‘தொடுமின்தடை’. நல்ல இணைப்பில் அது ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். தொடும் முட்களில் பாதி விலகினால், அல்லது நடுவில் ஒரு படலம் வந்தால், அது பலமடங்கு ஏறும்.

அந்தப் படலம் எப்படி வருகிறது? காரின் இணைப்பிமுனைகள் பெரும்பாலும் வெள்ளீயம் பூசியவை. வெள்ளீயத்தின் மேல் காற்றுபட்டவுடன் மெல்லிய, கடினமான ஆக்சைடு உருவாகும். கப்ளரை மாட்டும்போது அது உடைந்து சுத்தமான உலோகம் தொட்டுக்கொள்கிறது, இதுவரை நல்லதே. ஆனால் இன்ஜின் அதிர்வினாலும், சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குவதாலும், முனைகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நகர்வும் புது உலோகத்தைத் திறக்கிறது, அது ஆக்சைடாகிறது, அடுத்த நகர்வு அதைத் துகளாக்கி அங்கேயே குவிக்கிறது. இதற்கு ‘உராய்வு அரிப்பு’ என்று பெயர் வைக்கலாம். தொடும் இடம் மெல்ல மெல்ல மின்கடத்தாத் துகளால் நிரம்பும். புளியரை தாண்டிக் கோட்டைவாசல் எஸ் வளைவில் கேரளாவுக்கும் இங்குமாகப் பாரம் ஏற்றி அன்றாடம் ஏறி இறங்கும் வண்டிகளுக்கு அதிர்வு, சூடு, குளிர் மூன்றும் தாராளம்.

பட்டறையில் அடிக்கடி நடக்கும் ஒரு விநோதத்துக்கும் இதுவே காரணம். சந்தேகப்படும் கப்ளரைக் கழற்றிப் பார்க்கிறார்கள், உள்ளே பளிச்சென்றிருக்கிறது, திரும்ப மாட்டுகிறார்கள், பழுது போய்விடுகிறது. கழற்றி மாட்டிய உரசலில் துகள் விலகிவிட்டது, அவ்வளவுதான். சில வாரம் கழித்துப் பழுது திரும்பும். அதற்குள் அந்தக் கப்ளரோடு சேர்த்து ஒரு புது சென்சாரும் மாட்டியிருந்தால், சென்சாரால்தான் சரியானது என்ற நம்பிக்கை வேறு வந்துவிடும். எதையும் கழற்றுமுன் அளந்துவிட வேண்டும் என்று அனுபவசாலியான ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். கழற்றுவதே சாட்சியை அழித்துவிடும்.

தண்ணீரின் வேலை இன்னும் நுட்பமானது. தூய மழைநீர் மின்சாரத்தை மோசமாகத்தான் கடத்தும். சாலைத் தூசியும் உப்பும் கலந்தபின் நிலைமை வேறு. ஒரே கப்ளரில் 12 வோல்ட் முனையும் எர்த் முனையும் பக்கத்தில் இருந்தால், நடுவிலுள்ள ஈரப்படலத்தின் வழியே சிறு மின்னோட்டம் கசியும். நேர்முனையின் செம்பு கரைந்து பச்சைப் பொடியாகும். கார் நின்றிருக்கும்போதும் பேட்டரியோடு நேரடித் தொடர்பிலுள்ள முனைகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தின்னப்படுவது இதனால்தான்.

கப்ளரில் ரப்பர் சீல் இருக்கிறதே என்று கேட்கலாம். சூடான கப்ளர் திடீரெனச் சாரலில் குளிரும்போது உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி அழுத்தம் குறைகிறது. சீலில் ஒரு கீறல் இருந்தாலும் வெளியே நிற்கும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் ஓடி வந்து சாரலில் நிற்கும் கார் ஒவ்வொரு சீசனிலும் இந்தச் சோதனைக்கு உள்ளாகிறது. உள்ளே போன நீர் அங்கேயே நிற்பதும் இல்லை. வயர் என்பது பல மெல்லிய செம்பு இழைகளின் கட்டு. இழைகளுக்கு இடையிலான சந்துகளில் நுண்புழை ஏற்றத்தால் நீர் ஊர்ந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வெகுதூரம் போகும். நீர் புகுந்தது முன்பக்க விளக்கருகே, கெட்டது உள்ளிருக்கும் கணினிப் பெட்டி என்ற நிலை வரும். மல்டிமீட்டரின் ஊசியால் வயரின் உறையைக் குத்தி அளக்கும் பழக்கம் இங்கேதான் வினையாகிறது. அளந்தவர் போன பிறகும் துளை இருக்கும்.

வயர் மடங்கும் வளைவுகளும் பழுதுக்கு இடமாகும். கதவுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர்க் குழாய்க்குள் போகும் வயர்கள், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் மடங்குகின்றன. செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும், உறை மட்டும் முழுசாக இருக்கும். வெளியே பார்த்தால் நல்ல வயர். கதவை ஒரு கோணத்தில் வைத்தால் பவர் விண்டோ ஏறும், இன்னொரு கோணத்தில் ஏறாது. எலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை, ஆகவே எதையாவது கொறித்தபடியே இருக்கும். மழையில் நிற்கும் காரின் பானட்டுக்குள் சூடும் மறைவும் கிடைக்கிறது. பாதி கடித்த வயர், முழுதாக வெட்டிய வயரைவிடத் தொல்லை.

இனி தேடும் முறை. முதல் கருவி கேள்வி. பழுது காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா, ஓடிச் சூடான பிறகா? மேடுபள்ளத்திலா, திருப்பத்திலா? மழையிலா, மழை விட்ட மறுநாளிலா? அப்போது வேறு எவையெல்லாம் சேர்ந்து நின்றன? ஓட்டுநர்கள் பொதுவாக நன்றாகக் கவனித்திருப்பார்கள், கேட்காததால் சொல்வதில்லை. சேர்ந்து நின்றவற்றின் பட்டியல் கையில் இருந்தால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபியூஸ், கப்ளர் அல்லது எர்த் போல்ட் எது என்று வயரிங் வரைபடத்தில் பார்க்கலாம். ஒரு காரில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வயர் இருக்கும். வரைபடம் இல்லாமல் அதைத் துழாவுவது வீண்.

அடுத்தது, பழுதை வரவழைப்பது. சந்தேகமான இடத்தில் மீட்டரை இணைத்துவிட்டு வயர்க்கட்டை ஒவ்வொரு சாணாக மெல்ல ஆட்டிப் பார்ப்பார்கள். வெப்பக்காற்று ஊதியால் சூடாக்கலாம், இஸ்திரிக்காரர் பயன்படுத்துவது போன்ற தெளிப்பானால் தண்ணீர் தூவலாம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும்; ஆட்டுவதும் நனைப்பதும் சேர்ந்தால் எதனால் பழுது வந்தது என்று தெரியாது. அடிக்கடி ஃபியூஸ் போகும் சுற்றில், ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வைப்பது பழைய, அருமையான உத்தி. ஷார்ட் ஏற்படும் கணத்தில் பல்பு பிரகாசமாக எரியும், மின்னோட்டத்தையும் இரண்டு ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தும். வயர்க்கட்டை ஆட்டிக்கொண்டே போய் பல்பு எங்கே மாறுகிறது என்று பார்த்தால் போதும். ஒரு பெட்டி ஃபியூஸ் செலவாகும் வேலை இதில் மிச்சம்.

அளக்கும்போது ஒரு பெரிய பொறி காத்திருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து வயரின் இரு முனைகளில் தொட்டால் சுழி காட்டும்; வயர் நல்லது என்று முடிவு செய்துவிடுவார்கள். ஓம் அளவில் மீட்டர் செலுத்துவது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான மின்னோட்டம்தான். செல்ஃப் மோட்டாரின் கேபிளில் நூற்றுக்கணக்கான இழைகளில் ஓரிரண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது சுழியே காட்டும். சிறிய காரின் செல்ஃப் மோட்டார்கூட நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி முனையில் வெறும் 0.01 ஓம் கூடுதல் தடை இருந்தாலும், 150 ஆம்பியரில் அங்கேயே 1.5 வோல்ட் தொலைந்துவிடும். மீட்டரின் சொந்த வயர்களின் தடையே 0.01 ஓமைவிட அதிகம். அதைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வோல்ட் அளவில் வைத்துப் பார்த்தாலும் ஏமாறலாம். மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது என்பதால், அரித்துப்போன வயரின் மறுமுனையிலும் 12 வோல்ட் காட்டும். சுமை ஏறினால்தான் குட்டு உடையும். ஆகவே நம்பகமான வழி, விளக்கையோ மோட்டாரையோ வேலை செய்யவிட்டு, சந்தேகமான பகுதியின் இரு பக்கமும் மீட்டரை வைப்பது. நல்ல எர்த்தில் 0.1 வோல்ட் அளவுக்குள்தான் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. இதை ‘மின்னழுத்த இழப்புச் சோதனை’ எனலாம். எதையும் கழற்றாமல், பழுதான நிலையிலேயே அளப்பது இதன் சிறப்பு. ஹெட்லைட் பல்பு சுமார் 5 ஆம்பியர் எடுக்கும், வழியில் 0.2 ஓம் கூடினால் ஒரு வோல்ட் குறையும். இழை பல்பின் ஒளி அதனால் ஏறத்தாழ கால்பங்கு போய்விடும். இரவு மழையில் மங்கலான வெளிச்சத்துக்குப் பல்பைக் குறைசொல்லுமுன் இதை அளப்பது நல்லது.

மீட்டருக்கும் எல்லை உண்டு. எண்முறை மீட்டர் நொடிக்குச் சில முறைதான் புது எண்ணைக் காட்டும். நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் அறுந்து சேரும் தொடுகை அதன் கண்ணில் படாது. ஆனால் இன்ஜின் கணினிக்கு அந்த நேரமே போதும், அது கவனித்துவிடும். இந்தியாவில் 2013 முதல் புதிய கார்களுக்கு இரண்டாம் நிலை தற்பரிசோதனை முறை கட்டாயமானது. ஸ்டீயரிங்கின் கீழே பதினாறு முனைக் கப்ளரில் ஸ்கேனரை மாட்டினால், பதிவான பழுதுக் குறியீட்டோடு, அந்தக் கணத்தில் வேகம், இன்ஜின் சூடு, சுமை எவ்வளவு என்ற விவரமும் கிடைக்கும். பழுது வந்த சூழ்நிலையை காரே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் முதல் வேலையாகக் குறியீட்டை அழிப்பது பல பட்டறைகளில் பழக்கம், வருந்தத்தக்கது. குறியீடு ஒரு சென்சாரின் பெயரைச் சொல்வதால் சென்சார்தான் கெட்டது என்றும் ஆகாது. அந்தச் சுற்றிலிருந்து வரும் தகவல் பொருந்தவில்லை என்பது மட்டுமே கணினிக்குத் தெரியும். வயரும் அந்தச் சுற்றில் சேர்த்திதான். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் வழங்கலைப் பங்கிடுவதால், ஒன்றின் வயர் எங்கோ உரசி ஷார்ட்டானால் சம்பந்தமில்லாத நான்கைந்து சென்சார்கள் சேர்ந்து புகார் சொல்லும்.

கணினிப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு வயர்களில். பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய இந்த ‘கேன்’ இணைப்பின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயர்களுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. ஓம் அளவு நம்பகமாக உதவும் சில இடங்களில் இது ஒன்று.

சிறிய தொடுகை எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்குக் காருக்கு வெளியே ஒரு சான்று இருக்கிறது. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட ‘டாலி’ என்ற 300 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து, ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் மோதியது. பாலம் விழுந்து, மேலே சாலைப் பணியில் இருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் அறிவித்த முடிவின்படி, முதல் மின்தடைக்குக் காரணம் ஒரே ஒரு சமிக்ஞை வயர். அதில் மாட்டியிருந்த பெயர்ச்சீட்டு உறை தடுத்ததால், வயர் தன் முனைக்குள் முழுசாக நுழையாமல் அரைகுறையாகப் பிடித்திருந்தது. ஆயிரக்கணக்கான வயர்களில் அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இடம் தெரிந்தபின் பழுதுநீக்கம் பொறுமையான வேலை, ஆனால் கடினமானது இல்லை. வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது சாரல் ஊரில் ஒரு சீசன்கூடத் தாங்காது. டேப்பின் பசை சூட்டில் இளகி, ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். அரித்த பகுதியை, இழைகள் பளிச்சென்று தெரியும்வரை வெட்டியெறிய வேண்டும். அளவான குழல்முனையில் வைத்து, அதற்குரிய இடுக்கியால் நசுக்கி, உள்ளே பசை பூசிய சுருங்குகுழாயைச் சூடாக்கி மூட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் நல்ல இணைப்பே. ஆனால் இழைகளுக்குள் ஏறிய ஈயம் வயரை விறைப்பாக்குகிறது, விறைப்பு முடியும் ஓரத்தில் அதிர்வினால் இழைகள் அறும். ஆகவே கதவு மடிப்பு போன்ற அசையும் இடங்களில் அது வேண்டாம். எர்த் போல்ட்டின் கீழ் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெறும் உலோகம் தெரியச் செய்து, இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசலாம். கேன் வயரை ஒட்டும்போது முறுக்கைக் குலைக்காமல் விட வேண்டும்; வெளி மின்னிரைச்சல் இரண்டு வயர்களிலும் ஒரேபோல் பட்டு ஒன்றையொன்று நீக்கிக்கொள்வது அந்த முறுக்கினால்தான். கப்ளருக்குள் போகுமுன் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி கட்டினால் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

தொடக்கூடாதவையும் உண்டு. மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் வயரில் ஓம் மீட்டரை வைத்தால் அந்தச் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யும் அபாயம் இருக்கிறது. மின்கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் ஓடுவது சில நூறு வோல்ட். இங்கே 12 வோல்ட் கார்களைப்போல் உடலைத் திரும்பு பாதையாகப் பயன்படுத்துவதே இல்லை. நேர், எதிர் இரண்டு கேபிள்களும் உடலிலிருந்து முற்றிலும் விலக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த விலக்கத்தை ‘காப்புத் தடை’ என்று காரே ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. சர்வதேச விதிகளின்படி நேர்மின்னோட்டச் சுற்றில் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் இருக்க வேண்டும். 400 வோல்ட் பேட்டரியில் அது 40,000 ஓம். கப்ளரில் ஈரம் புகுந்து தடை இறங்கினால், கசிவு ஆளைத் தாக்கும் அளவுக்குப் போகுமுன் எச்சரிக்கை வந்துவிடும். சில மாடல்கள் மறுமுறை ஸ்டார்ட் ஆகவும் மறுக்கும். இந்த எச்சரிக்கை நனைந்தபோது வந்து காய்ந்தபின் போனாலும், தேடும் வேலை அதற்குரிய பயிற்சியும் காப்புக் கையுறையும் உள்ளவர்களுடையது.